மலைவீட்டு அட்டை

மார்ச் 5, சாம்பல் புதன்

திருடினேன். கோயிலுக்குள் திருடினேன். புத்தாண்டு ஆராதனையில், நற்கருணை நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பெண்பிள்ளையின் பைபிளுக்குள் கைவிட்டுத் திருடினேன்.

இதை எழுதச் சொன்னது எங்கள் ஐயர். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் போதகரை அப்படித்தான் அழைப்போம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்தின் நாற்பது நாளும் எழுத ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார். முதல் பக்கத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுத வேண்டுமாம். போன வருஷம் லெந்துக்கு இனிப்பை விட்டேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு டார்கஸ் அக்கா கருப்பட்டி போட்ட முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பினாள். கருப்பட்டி இனிப்பில் சேராது என்று தீர்மானித்துக்கொண்டேன். அதனால் இந்த வருஷம் டைரி.

திருட்டுக்கு வருகிறேன். புத்தாண்டு காலையில் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம். கூடைக்குள் வெள்ளைக் கவர்கள் இருக்கும். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற வசனம்தான் அந்த வருஷம் முழுவதும் அந்த வீட்டுக்கு. ஜாதகம் பார்க்கிறவர்களை ஒருபக்கம் கேலி செய்துகொண்டே இதைக் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் பிரிப்போம்.

எனக்கு வந்த அட்டையில் ஏரி, ஏரியில் இரண்டு அன்னப்பறவைகள், கீழே உலகத்தில் உனக்கு உபத்திரவம் உண்டு என்கிற வசனம். அதன் பின்பாதியில் தைரியமாயிரு என்று வரும். அன்னப்பறவைகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் அச்சகத்தார் அதை விட்டுவிட்டார்கள். நான் பாடகர் குழுவில் பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல். எனக்கு நேர் முன் பெஞ்சில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடும் டார்கஸ் அக்கா. அவள் அட்டையில் பனிமலை, மலையடியில் மரவீடு, எந்தத் தீங்கும் உன் வீட்டை அண்டாது என்கிற வசனம். திரும்பி எங்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, கவருக்குள் போட்டுப் பைபிளில் வைத்தாள். நான் பக்கத்துப் பேஸிடம், “நமக்கு உபத்திரவமாம்” என்று முனகினேன். என் மனைவி பியூலாவின் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வராத வாரம் அது.

அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணைக்கு ஆல்ட்டோக்காரிகள் முதலில் எழுந்து பீடத்தண்டை போவார்கள். பைபிள்கள் பெஞ்சிலேயே கிடக்கும். கவரோடு எடுத்தேன், கவரோடு மாற்றினேன். அன்னப்பறவை அவளுக்கு, மலைவீடு எனக்கு. என் பைபிளுக்கு ஜிப் வைத்த தோலுறை உண்டு. ஜிப்பை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பேஸ்களோடு போய் முழங்கால் போட்டேன்.

ஜனவரி ஆறாம் தேதி முடிவு வந்தது. வெறும் கொழுப்புக்கட்டி. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். மலைவீட்டுக்கும் சேர்த்து.

நான் கல்லூரியில் இருபத்தைந்து வருஷமாகத் தத்துவம் நடத்துகிறவன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அச்சடித்த அட்டை யார் வீட்டு நோயையும் வரவழைக்காது, நிறுத்தாது என்று நிரூபிக்க ஏழு வாதங்கள் தெரியும். ஏழும் அன்று விடுப்பில் இருந்தன.

மார்ச் 7, வெள்ளி

லெந்துத் தியானம் ஆறு வெள்ளிக்கிழமையும் என் பொறுப்பு. தலைப்பு, ‘கடவுள் நல்லவரென்றால் துன்பம் ஏன்?’ தத்துவம் படித்தவன் சபையில் நான் ஒருவன்தான் என்பதால் வேறு போட்டியில்லை.

இன்று கேள்வியை மட்டும் வைத்தேன். கடவுளால் எல்லாம் முடியும், கடவுள் முழுக்க நல்லவர், துன்பம் இருக்கிறது. இந்த மூன்றில் எந்த இரண்டை வைத்துக்கொண்டாலும் மூன்றாவது இடிக்கும். வசனங்களைக் கைப்பேசியில் தேடி வாசித்தேன், எழுத்து பெரிதாகத் தெரிகிறது. பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், பார்க்க நன்றாக இருக்கும்.

முடிந்ததும் டார்கஸ் அக்கா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆசீர் என்கிற என் பெயர் அவள் வாயில் ஆசீரு. “நல்லாத்தான் பேசுத ஆசீரு. கேள்வியே இவ்வளவு அழகா இருந்தா, பதில் வந்து எங்க ஒக்காரும்?”

அவள் கணவர் வேதமுத்து அண்ணாச்சி வழக்கம்போல் முதல் நிமிஷத்திலேயே தூங்கிவிட்டிருந்தார். சங்கரன்கோவில் பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். ஓட்டம் நின்றால் விழிப்பார், ஓடிக்கொண்டிருந்தால் தூங்குவார்.

மார்ச் 10, திங்கள்

அண்ணாச்சி குளியலறையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும், பேச்சும். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன்.

மார்ச் 11, செவ்வாய்

அன்னப்பறவை.

மார்ச் 13, வியாழன்

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். பேச்சு எவ்வளவு திரும்பும் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை.

ஒரு சொல் திரும்பியிருக்கிறது. காலையில் நர்ஸ் ஊசி போட்டதும் அண்ணாச்சி தெளிவாக, “ரைட்” என்றாராம். சாப்பிடுகிறீர்களா என்றால் ரைட். வலிக்கிறதா என்றால் ரைட். என்னைப் பார்த்ததும் கண்ணில் நீர் வழிய அதே ரைட். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸைக் கிளப்பிய சொல் மூளையின் எந்த மூலையிலோ பத்திரமாக இருந்திருக்கிறது. மற்றச் சொற்களெல்லாம் இறங்கிப் போய்விட்டன.

டார்கஸ் அக்கா மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரரின் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சியின் தலையணையைச் சரிசெய்தபோது அடியில் வெள்ளைக் கவரைப் பார்த்தேன்.

“நான் எடுத்த வசனம்லா,” என்றாள். “இத வச்சுக்கிட்டுத்தான் ஆண்டவர்ட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.”

அரை வசனம் அக்கா அது. உங்களுடையதும் அல்ல. சொல்ல வாயெடுத்தேன். கேண்டீனில் காப்பி வாங்கி வரட்டுமா என்ற கேள்விதான் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாம் தியானம். மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார், அதை நாம் தவறாகப் பயன்படுத்துவதால் துன்பம் வருகிறது என்கிற பதில். மிக நேர்த்தியான பதில், வருஷா வருஷம் வகுப்பில் கைதட்டு வாங்குவது. பாதியில், மூளைக்குள் அடைத்துக்கொண்ட ஒரு மெல்லிய இரத்தக் குழாய் எந்தச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று தோன்றிவிட்டது. அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொல்லி முடித்தேன். ஐயர், ‘மனமுருகிப்போனேன்’ என்றார்.

மார்ச் 19, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு மணிக்கொரு தரம் அண்ணாச்சியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவர்கள் மகன் மஸ்கட்டில். ஒரு பக்கம் டார்கஸ் அக்கா, மறுபக்கம் பியூலா அல்லது நான். ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி அவள் தூக்குகிறாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பியூலா எனக்குத் தைலம் தேய்க்க வந்ததால் அங்கே ஒரு ஆள் குறைந்ததுதான் மிச்சம்.

மாலையில் அண்ணாச்சிக்கு ஷேவ் செய்து விட்டேன். மீசை ஒருபக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. சமன் செய்யப் போய் மறுபக்கமும் போய், கடைசியில் மீசையே போய்விட்டது. கண்ணாடியைக் காட்டினேன். “ரைட்,” என்றார். அதில் இவ்வளவு கெட்ட வார்த்தை இருக்க முடியும் என்று நினைத்ததில்லை.

மார்ச் 22, சனி

லில்லி டீச்சர் தன் ஜெபக்குழுவோடு டார்கஸ் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எல்லாவற்றுக்கும் விடை உண்டு என்று நம்புகிறவர். காரணமில்லாமல் ஆண்டவர் அடிக்க மாட்டார் என்றார். பைபிளில், எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கப் போன நண்பர்கள் பேசிய அதே பேச்சு. அவர்களாவது முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

பிறகு கட்டிலருகே குனிந்து, “அண்ணே, அறிக்கையிடாத பாவம் எதுவும் உள்ள இருக்கா?” என்று கேட்டார்.

“ரைட்,” என்றார் அண்ணாச்சி.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சிரிப்பை அடக்க இருமினேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஊர் முழுவதும் பரவிவிட்டது. வேதமுத்து கண்டக்டர் பாவத்தை ஒப்புக்கொண்டாராம். சங்கரன்கோவிலில் இன்னொரு குடும்பம் இருந்ததாம். அந்த அம்மாவுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

எல்லாரும் லில்லி டீச்சரைத் திட்டுகிறார்கள். டீச்சர் வெளியில் மூச்சுவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், சனிக்கிழமை மாலை கல்லூரி ஆசிரியர் அறையிலும் ஞாயிற்றுக்கிழமை பாடகர் ஒத்திகையிலும் அந்த ‘ரைட்’டை நடித்துக் காட்டியது நான். நல்ல நகைச்சுவை, எப்படி விடுவது? ஒத்திகையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்தான் நம்பியிருக்கிறார்.

முதல் பக்கத்துத் திருட்டைவிட இது சின்னது என்று எழுதிப் பார்த்தேன். சின்னதாகத் தெரியவில்லை.

மார்ச் 29, சனி

டார்கஸ் அக்கா ஜெபக்குழுவை மறுபடி வீட்டுக்கு அழைத்தாள். இந்தத் தெருவில் காது உள்ள எல்லாரையும் அழைத்திருந்தாள். அண்ணாச்சிக்குச் சலவைச் சட்டை போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்காரவைத்திருந்தாள். எல்லாருக்கும் சுக்குக்காப்பி கொடுத்த பிறகு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

“ஏங்க, ஒங்களுக்குப் பொண்டாட்டி நானா, லில்லி டீச்சரா?”

“ரைட்.”

“நம்ம பாளையங்கோட்டையில பேரழகி லில்லி டீச்சருதான?”

“ரைட்.”

“நம்ம ஆசீரு பேசுத பேச்சு எல்லாருக்கும் வெளங்குதா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். “ரைட்,” என்று இழுத்தார். கூடம் குலுங்கியது. லில்லி டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார், பிறகு எழுந்து போய் டார்கஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கையில் ஒரு பெரிய பூசணிக்காயைக் கொடுத்து நறுக்கச் சொன்னாள். கணக்கு டீச்சர் அளந்து அளந்து நறுக்கினார். நாளையிலிருந்து பகல் பன்னிரண்டு மணிப் புரட்டலுக்கு மறுபக்கம் பிடிக்கத் தான் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஏதோ எழுந்து நின்றது. வகுப்பில் மாணவர்கள் எனக்காக எழுந்து நிற்பதுபோல ஒப்புக்கு அல்ல.

ஒரு வதந்தி போய்விட்டது. அதைக் கிளப்பியவன் சுக்குக்காப்பி இரண்டாம் தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் டார்கஸ் அக்கா வீட்டுப் பின்பக்கம் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். ‘எத்தன தடவ சொல்லுதேன், காது கேக்குதா இல்லியா, ஒமக்குப் பொறுப்பு வேண்டாமா’ என்று. வேலைக்காரியைத் திட்டுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அந்த வீட்டில் வேலைக்காரி கிடையாது. அண்ணாச்சியையோ என்றால் அவர் முன் அறையில். மதில் மேலாக எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் படுக்கை விரிப்பை அடித்து அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். தனியாகத்தான் இருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் நிமிர்ந்து, முருங்கை மரத்துக்கு மேலே பார்த்து ஒரு கேள்வி.

கடவுளைத்தான். மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் நிற்கிறவர்கள் கேட்பதுபோலக் கேட்டாள். நியாயமும் கோபமும் இருந்தன. அதோடு, உள்ளே ஆள் இருக்கிறது என்பதில் துளிச் சந்தேகமும் இல்லை.

விரிப்பைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, “சரி, இன்னைக்கு அவுகளுக்கு ரெண்டு வாய் கஞ்சி கூடுதலா எறங்கட்டும்,” என்று குரலைத் தணித்துச் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

இருபத்தைந்து வருஷமாக நான் கடவுளைப் பற்றிப் பேசுகிறேன். என் பேச்சில் அவர் எப்போதும் படர்க்கை. இந்த அம்மாளுக்கு முன்னிலை, அதுவும் துவைக்கிற கல்லுக்கு முன்னால்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஐந்தாம் தியானம். நம் வாழ்க்கை பூப்பின்னிய துணி, நாம் பார்ப்பது நூல் சிக்கிய பின்பக்கம், ஆண்டவர் பார்ப்பது பூவுள்ள முன்பக்கம் என்றேன். பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். வெற்றி.

டார்கஸ் அக்காவால் வர முடியவில்லை, நான் என்ன பேசினேன் என்று பியூலாவிடம் கேட்டிருக்கிறாள். நான் அண்ணாச்சியைப் புரட்டப் போனபோது சொன்னாள். “பூவு நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த ஊசி குத்துதுல்லா, அது ரெண்டு பக்கமும்தான குத்துது?”

அண்ணாச்சியின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்தபடி யோசனையாகச் சொன்னாள். என்னை மடக்கச் சொல்லவில்லை. அதுதான் மடக்கியது. ஆறாம் வெள்ளிக்கு எழுதிவைத்திருந்ததைக் கிழித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

சொல்லிவிடுவது என்று போனேன். மலைவீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று பைபிளையும் கையோடு எடுத்துக்கொண்டேன்.

டார்கஸ் அக்கா தலையணையடியிலிருந்து அந்தக் கவரை எடுத்து அண்ணாச்சியின் வலது கையில் வைத்து, விரல்களை மூடச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தாள். நாலு விரல் மூடின. பெருவிரல் மட்டும் அடம் பிடித்தது.

பிடித்துக்கொள்ள அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அதைப்போய், ‘உங்களுக்கு வந்த நல்ல வசனத்தை என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன், உங்கள் புருஷன் பிடித்திருப்பது நான் தள்ளிவிட்ட உபத்திரவம்’ என்று எப்படிச் சொல்ல? முப்பது வருஷ உறவு. என் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டவள். பியூலாவின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். சொன்னால் அவள் வாசல் எனக்கு இருக்காது. சொல்லாமல் இருந்தால், இருக்கிற வாசலில் நுழைய எனக்குக் கூசுகிறது.

பைபிளோடு போய் முருங்கைக்காயோடு திரும்பினேன். ஜெபித்தீர்களா என்று பியூலா கேட்டாள். நீளமான முருங்கைக்காய் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆறாம் தியானத்தில் பதில் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நாலு நிமிஷம். தாழ்மையான பேச்சு என்று ஐயர் பாராட்டினார். இவரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர். நாலாவது எனக்கு. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவர் கேட்கிற இடம். ஐயர் இதை என் தலையில் கட்டியதற்குக் காரணம், வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆறாம் தியானத்தின் தாழ்மை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்று பதில்கள், இரண்டு மேற்கோள்கள், உருக்கமான ஒரு சம்பவம்.

பிரசங்க பீடத்தில் ஏறியபோதுதான் பார்த்தேன். முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் வேதமுத்து அண்ணாச்சி. விழுந்த பிறகு முதல் தடவையாக வெளியே வந்திருக்கிறார். சலவைச் சட்டை, பாதி வளர்ந்த மீசை. மடியில் அந்த வெள்ளைக் கவர். பக்கத்தில் டார்கஸ் அக்கா விசிறிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பித்தேன். அந்தக் கேள்வி உண்மையில் கேள்வி அல்ல என்று விளக்கினேன். பிதாவின் திட்டத்தில் அது எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கினேன். ஐந்தாம் பக்கத்தைப் புரட்டியபோது, கோயிலின் பின் சுவர்வரை கேட்கும் குரலில் ஒரு சொல் வந்தது.

“ஹோல்டான்!”

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸை நிறுத்திய சொல். அண்ணாச்சியின் இடது கை உயர்ந்திருந்தது. பின்பக்கம் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். டார்கஸ் அக்கா விசிறியைக் கீழே போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். நாற்பது நாளில் இரண்டாவது சொல். அவள் கன்னத்தில் ஓடிய நீரைத் துடைத்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

நான் நிறுத்தினேன். கண்டக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டியதுதானே. மிச்சம் ஏழு பக்கத்தை மடித்தேன். ஆண்டவர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வியை, எந்த விளக்கமும் இல்லாமல், ஒரு தடவை வாசித்தேன். அதற்குப் பதில் வந்ததாக எழுதப்படவில்லை என்று சொன்னேன். இறங்கிவிட்டேன்.

மற்ற ஆறு வார்த்தைகளுக்கும் அண்ணாச்சி தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன்.

டார்கஸ் அக்கா இட்லியை மோரில் பிசைந்து அண்ணாச்சிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும் என்று நின்றபடியே ஆரம்பித்தேன். முதலில் வதந்தி. அதை நடித்துக் காட்டி ஊருக்குள் விட்டது நான்தான் என்றேன்.

“தெரியும்,” என்றாள். “ஒத்திகையில இருந்த அத்தன பேரும் வந்து சொல்லிட்டாவ. நல்லாவும் நடிச்சியாம்.”

அப்புறம் அட்டை. “அக்கா, புது வருசத்து அன்னைக்கு ஒங்க அட்டைய நான் எடுத்துட்டேன். என்னோடத ஒங்க பைபிள்ல வச்சிட்டேன்.”

கரண்டி நின்றது. “எப்ப?”

“நீங்க நற்கருணைக்கு எந்திரிச்சுப் போனப்ப.”

“நான் போனப்பவா?”

“ஆமா.”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பேச முடியாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “ரைட்?” என்றார்.

“ஏல ஆசீரு,” என்றாள் மூச்சு வாங்க. “நான் திரும்பி வந்தேன்லா, நீங்கள்லாம் எந்திரிச்சுப் போனிய. அப்ப நானும் மாத்துனேன். நமக்கு உபத்திரவமாம்னு நீ மொனங்கினது என் காதுல விழுந்துச்சு. பியூலாவுக்கு டெஸ்டு வேற. அந்தப் பிள்ளைக்கு எதுக்கு அந்த வசனம், நாம கொண்டுபோவோம்னு ஒன் ஜிப்பத் தொறந்து, கவரோட மாத்தி வச்சு மூடிட்டேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா மலைவீடு எங்கிட்டதான் இருக்கு. நாம குடுத்தத ஆண்டவர் திருப்பித் தந்துட்டாருன்னு அன்னைக்கு பூரா அழுதேன் பாத்துக்கோ. திருப்பித் தந்தது ஆண்டவரு இல்ல, நீயா?”

தலையணையடியிலிருந்து கவரை எடுத்து அட்டையை நீட்டினாள். பனிமலை. மரவீடு. ஓரத்தில் கஞ்சிக் கறை.

நான் உட்கார்ந்தேன். அப்படியானால் இத்தனை நாளும் இவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது தீங்கு அண்டாது என்கிற வசனத்தை. அதைக் கையில் வைத்துக்கொண்டே இவர் விழுந்திருக்கிறார். இது என் திருட்டைவிட மோசமாகப் பட்டது. கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

“வராம? எழுதிக் குடுத்துட்டு இது என்னய்யான்னு தெனமும் தொவைக்குற கல்லுல கேட்டேன். நீதான் மதில் வழியாப் பாத்தியே, ஒன் வழுக்க தெரிஞ்சுது.”

“பதில்?”

“ஒண்ணும் வரல.” அண்ணாச்சியின் வாயில் ஒரு கரண்டி வைத்து, அவர் விழுங்கும்வரை காத்திருந்தாள். “நேத்து நீ வாசிச்சியே. அவரு கேட்டதுக்கே பதில் வரல. எனக்கு மட்டும் ஒடனே வந்துருமா? ஆனா ஒண்ணு ஆசீரு. நான் கத்துறப்ப, இத முன்னாலயே கேட்ட ஒருத்தரு கூட நின்னு கத்துதாருன்னு இருந்துச்சு. அது போதும்னு சொல்ல மாட்டேன். இவுக எந்திரிச்சு நடக்கணும், அப்பத்தான் போதும். ஆனா தனியாக் கத்தல.”

ஆறு வெள்ளிக்கிழமை, ஒரு பெரிய வெள்ளி. நான் சுற்றிச் சுற்றி வந்தும் நுழையாத இடத்துக்கு இவள் மோர் இட்லிக் கரண்டியோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து காலைத் தொடலாம் போலிருந்தது. தொட்டால் உதைப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு ஏதோ தோன்றியது. என்னைக் கூர்ந்து பார்த்தாள். “அப்ப அன்னப்பறவ ஒங்கிட்டதான இருக்கு?”

“இருக்கும்.”

“பைபிளுக்குள்ளதான?”

“ஆமா.”

“வருசம் பொறந்து மூணரை மாசம் ஆச்சே. பாத்திருப்பியே?”

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்துவிட்டேன். “ஹோல்டான்,” என்றார் அண்ணாச்சி. நிற்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

காலை ஆராதனையில் ஐயர் எனக்குச் சால்வை போர்த்தினார். ‘இந்த லெந்து முழுவதும் வேதப்புத்தகத்தில் மூழ்கி முத்தெடுத்துத் தந்த சகோதரர்’ என்றார். பைபிளை நெஞ்சோடு அணைத்தபடி வாங்கிக்கொண்டேன். சக்கர நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை.

மதியம் பியூலா தூங்கிய பிறகு பைபிளை மேஜைமேல் வைத்துத் திறக்கப் போனேன். ஜிப் நகரவில்லை. பற்களில் பச்சை பூத்திருந்தது. காலை ஆராதனையில் ஏந்திய மெழுகுவர்த்தித் துண்டை மேலும் கீழும் தேய்த்து, இடுக்கியால் பிடித்து இழுத்ததும் வழிவிட்டது. முதலில் ஜனவரி ஒன்றாம் தேதி ஆராதனை முறைச் சீட்டு விழுந்தது. அடுத்து வெள்ளைக் கவர். உள்ளே ஏரி, இரண்டு அன்னப்பறவைகள்.